தண்ணிப் பெட்டிக்கு ஒரு பாவாடை

"தவளைகூட இந்தத் தண்ணிய மோந்து பாத்துட்டு ஓடிடும்மா! இந்தா, கிளாஸைப் பிடி. மோந்து பாரு... ஆங், மூஞ்சியச் சுளிக்கிற பாத்தியா, அதேதான்! உங்க பெட்டி, உள்ள வடிகட்டுற உங்க சவ்வு, அதுல பூசுன உங்க வெள்ளைப் பவுடர். எனக்கு மட்டும் குட்டைத் தண்ணி!"

கெலுகோர் பல்கலைக்கழகத்திலிருந்து சோதிக்க வந்த சந்திரிகா வாயைத் திறந்தாள். பத்மாவதி இடம் கொடுத்தால்தானே! ஆராய்ச்சிக்கென்று அந்தத் தெருவில் இரண்டே வீட்டுக்குத்தான் தண்ணீர் சுத்தம் செய்யும் பெட்டி கொடுத்திருந்தார்கள். ஒன்று இவளுக்கு, இன்னொன்று பக்கத்து வீட்டுச் செல்வநாயகிக்கு. வயிற்றெரிச்சலே அதுதான்.

"அவளுக்கு மட்டும் பளிங்கு மாதிரி வருதுலா! சாயங்காலம் கோயில் மாதர் சங்கம் மொத்தமும் எங்க வீட்டுக்கு டீ குடிக்க வருது. குழாயில நேராப் பிடிச்சா ஒரே துரு. இதுல போட்டா நாத்தம். காலையில வேலியில எட்டிப் பாத்து என்னா சொல்றா தெரியுமா? 'அக்கா, வேணும்னா எங்க வீட்டுல வந்து தண்ணி பிடிச்சுக்குங்க'ங்கிறா. நானு! ஜக்கத் தூக்கிக்கிட்டு! அவ வாசல்ல! ...இந்தப் பக்கம் வாம்மா, பூச்சட்டிய மிதிச்சிடாத. பசார்ல பேரம் பேசி வாங்குனது, அந்தச் சீனக் கிழவன் இருக்கானே... சரி, அத விடு. இதோ, பெட்டி."

வெயில் கொளுத்தும் பின்சுவரோரம் பெட்டி நின்றது. கழுத்திலிருந்து கால்வரை கனத்த திரைத்துணி உறை, ஓரத்தில் மூன்று விரல்கடை லேஸ்.

"எப்படி? நானே தச்சேன்! கான்வென்ட்ல சிஸ்டர் சொல்லிக் குடுத்த தையல். எங்க வீட்டுல கேஸ் சிலிண்டர் தோங்குக்கே பாவாடை உண்டு. அங்க பாரு, செல்வநாயகி பெட்டிய. வெயில்ல மொட்டையா நிக்குது, வெக்கங்கெட்டு!"

சந்திரிகா உறையை உருவினாள். உள்ளே கொழகொழவென்று அழுக்கு. அவள் விரல் மேலே, சூரியனைக் காட்டியது.

"என்னா, வானத்தக் காட்டுற? வெயிலா? வெயில் பட்டாத்தான் பவுடர் வேல செய்யுமா? அழுக்க அதுதான் எரிக்குமா? ஐயோ, மொதல்லயே சொல்றதுக்கு என்னாம்மா? ...சொன்னியா? எப்ப? ...ஓ, எங்க கூரை ஒழுகுற கதைய நான் சொல்லிக்கிட்டிருந்தப்பவா... சத்தமாச் சொல்லணும்லா! சரி, இப்ப வெயில்ல வச்சா சாயங்காலத்துக்குள்ள...? ஆகாதா? கழுவி, காயவச்சு, நாள் ஆகுமா?"

பத்மாவதி வேலியைப் பார்த்தாள். ஜக்கைப் பார்த்தாள். பிறகு விடுவிடென்று உள்ளே போய், அதே துணியில் தைத்த இன்னொரு உறையோடு வந்தாள்.

"வெறுங்கையோட எப்படிப் போறது? செல்வநாயகிக்குன்னு ஆசையாத் தச்சது. அச்சா அவ பெட்டி அளவு... இதப் போட்டுட்டா, பாவம், அவ தண்ணியும்..."

அவள் முகத்தில் மெல்லச் சிரிப்பு பூத்தது. சந்திரிகா பாய்ந்து உறையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா சொன்னேன்மா! உன் பரீட்சைய நான் கெடுப்பேனா? அவ டி.வி.க்குப் போட்டுக்கட்டும். அந்த டி.வி.யாவது கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டிருக்கும்."

சந்திரிகாவின் பார்வை உறையிலிருந்து பத்மாவதியின் வாய்க்குப் போய்விட்டுத் திரும்பியது.

"என்னா அப்படிப் பாக்குற? ஜக்கத் தூக்கு, கூட வா. தனியாப் போனா எனக்கு மானக்கேடு. ஏய் செல்வநாயகி...!"