கூரைக்கடியில் குனிந்து நின்றவருக்கு

உழைத்துக் களைத்தவரின் மதியத் தூக்கத்துக்கு விலை உண்டா என்று கேட்டால், உண்டு என்போம். சதுர அடிக்கு இவ்வளவு என்று அச்சடித்தே வைத்திருக்கிறோம், அழுத்திக் கேட்டால் கொஞ்சம் குறைத்தும் தருவோம். விலையில்லாததையும் விலைபேசி விற்கும் எங்கள் கூரைப் பூச்சு நிறுவனத்தில், விற்றபின் வருந்துவதற்கென்றே ஒருவர் வாய்த்தார். விற்றதை மறப்பது வணிகரின் வழக்கம். விற்றதை நினைத்து விழித்திருப்பது தங்கள் வழக்கம்.

கூரைகளின் காவலரே, குனிந்து நின்றே உயர்ந்த கொள்கையாளரே, ஏணியின் ஒவ்வொரு படியையும் ஐயுற்று ஏறி ஐயம் தீராமலே இறங்கும் இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் ஆய்வாளர் ஐயாவே, வணக்கம்.

பெற்றோர் தங்களுக்கு இட்ட பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. நாங்கள் இட்ட பெயர் ‘ஒருவேளை’. “ஒருவேளை மழை வந்தா? ஒருவேளை ஏணி வழுக்கினா? ஒருவேளை வீட்டுக்காரங்க பூனை பரணுக்குள்ள மாட்டிக்கிட்டா?” என்று கால் நூற்றாண்டாகக் கேட்டீர்கள். சிரித்தோம். ஒருமுறை பூனை உண்மையிலேயே இருந்தது. அதன்பின் சிரிப்பைச் சற்றுக் குறைத்துக்கொண்டோம்.

அவையோரில் எங்கள் தொழில் அறியாதவர்க்கு ஒரு சொல். வெயில் கூரையைக் காய்ச்சுகிறது. காய்ந்த கூரை தன் சூட்டைக் கீழே வீசுகிறது. அடுப்பைத் தொடாமலே முகம் சுடுகிறதல்லவா, அப்படித்தான் அந்தச் சூடு இடையிலுள்ள பரணைத் தாண்டிப் படுக்கையறைக்குள் இறங்குகிறது. கூரையின் அடிப்புறத்தில் நாங்கள் அடிக்கும் வெள்ளிப் பூச்சு ஒரு கடைந்தெடுத்த கஞ்சன். மேலிருந்து எவ்வளவு வந்தாலும் கீழே சல்லிக்காசு வீசாது. கஞ்சத்தனம் புண்ணியமாவது எங்கள் தொழிலில் மட்டுமே.

இனி வருவதை, ஐயா, கேளாதவர்போல் அமர்ந்திருங்கள். இது அவைக்குச் சொல்வது.

போன வாரம் தையற்கடை அக்கா இவருக்குப் போன் செய்தார். கீழ்த்தளம் முழுக்கத் தையல் இயந்திரங்களும் துணி மூட்டைகளும். மாடியில் ஒரே அறை. அதில் பக்கவாதம் வந்த கணவர் படுத்திருக்கிறார். அந்த அறைக்கு மேலேதான் நாங்கள் பூச்சடித்த பரண்.

“என்ன சார், எட்டிப் பாத்தா பாத்திரக் கடை மாதிரி பளபளன்னு இருக்கு. ரூம்ல மட்டும் நிக்க முடியல.”

“ஒருவேளை ஜன்னல்…”

“ஜன்னல் திறந்துதான் கிடக்கு, ஃபேனும் ஓடிட்டுதான் இருக்கு. அவரு வேர்வையில ஊறிக் கிடக்காரு, சுடுதுன்னு சொல்லக்கூட வாய் வராது. மத்தியானத்துல முப்பத்தாறு காட்டுது. முப்பத்துமூணத் தாண்டினா அவரை இங்க வைக்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கடையைக் காலி பண்ணிக் கீழ படுக்க வெச்சா நாங்க எதைத் தின்னுறது? அவரோட அண்ணன் வண்டி எடுத்துட்டு வர்றேன்கிறாரு. கூட்டிட்டுப் போனா திருப்பி அனுப்ப மாட்டாரு சார்.”

அன்றிரவு இவர் உறங்கவில்லை என்று இவருடைய வீட்டம்மா சொல்லி அறிந்தோம். காரணம் உண்டு. அந்தப் பரணைச் சோதித்து ஒப்பமிட்டவர் இவரே. டார்ச் ஒளியில் அது மின்னிய மின்னலில், வாழ்நாளில் ஒரே ஒருமுறை, ‘ஒருவேளை’ என்று சொல்லாமல் ‘அருமை’ என்று சொல்லி இறங்கிவிட்டார்.

மறுநாள் உச்சி வெயிலில் இவரும், பூச்சடித்த எங்கள் பாலிஷ் அண்ணனும் பரணேறினார்கள். பாலிஷ் அண்ணன் முன்பு மேசை நாற்காலிகளுக்கு மெருகு போட்டவர். மங்கலாக ஒரு பரப்பை விட்டுவர அவர் கை கூசும். உள்ளே நிமிர இடமில்லை. இவர் குனிந்து நகர்ந்தார். இவருடைய தலை, அவையோர் காண்பதுபோல, மறைப்பேதும் இல்லாத தலை.

“இங்க மண்டை சுடுது,” என்றார். நாலடி தள்ளிப் போனார். “இங்க சுடல.”

“மாத்திச் சொல்றீங்கய்யா. சுடுதுன்னு சொல்ற பக்கந்தான் நல்லா மின்னுது.”

“அதாம்ப்பா பயமா இருக்கு. அந்தப் பக்கம் மட்டும் ஏன் அப்படி மின்னுது?”

பாலிஷ் அண்ணன் அந்தப் பரப்பை விரலால் தடவினார். “பூச்சு காஞ்சதும் மங்கலாத் தெரிஞ்சுச்சுய்யா. மேல ஒரு கோட் வார்னிஷ் விட்டேன். டப்பா பாதியில தீந்துபோச்சு.”

வார்னிஷ் கண்ணுக்குக் கண்ணாடி. சூட்டுக்கோ திறந்த வாசல், பூச்சு பிடித்துவைத்ததையெல்லாம் கீழே வீசிவிடும். கஞ்சனுக்கு மேலே ஓர் ஊதாரியை உட்கார வைத்தால் வீட்டில் என்ன தங்கும்?

“எவனும் ஏறிப் பாக்காத பரணுக்கு எதுக்குய்யா இந்த மினுக்கு?”

“நீங்க ஏறிப் பாப்பீங்கல்ல.”

இவர் டார்ச்சை அணைத்தார். ஏணியின் கீழே நின்ற அக்காவிடம் இறங்கிவந்து, “தப்பு எங்களுது. நானும் பாத்தேன், நானும் ஏமாந்தேன்,” என்றார். “அது சரி சார், ரூம் ஆறுமா?” என்றார் அக்கா. “ஆறணும்,” என்றார் இவர். ஆறும் என்று சொல்லவில்லை. பொய் சொல்லி விற்கத் தெரியாதவர் எங்கள் நிறுவனத்தில் இத்தனை காலம் நீடித்தது தனி அதிசயம்.

ஐயா, இனித் தாங்கள் கேட்கலாம்.

மின்னிய பாதிமேல் மீண்டும் வெள்ளிப் பூச்சு அடித்தாயிற்று; தாங்களே அருகில் அமர்ந்து அடிக்க வைத்தீர்கள். நேற்று முழுக்க மேகம். இன்றுதான் முதல் வெயில். இன்று மாலை நோயாளியின் அண்ணனுடைய வண்டி வருகிறது. பரணில் பத்து டிகிரி குறைந்தாலும் அறையில் மூன்று குறைவது பெரும்பாடு என்பதைத் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. காலையிலிருந்து எங்களுக்குத் தாங்கள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். மூன்றாம் வரிசையில் காலியாக இருக்கும் நாற்காலி பாலிஷ் அண்ணனுடையது. அவர் அறையின் சூட்டைப் பார்த்துச் சொல்ல அந்த மாடியறையில் இருக்கிறார். இம்மடலை நாங்கள் வாசிக்கையில் தங்கள் கை அடிக்கடி சட்டைப்பைப் போனுக்குப் போவதைப் பிழையாக எண்ணோம். எங்கள் கைகளும் அங்கேதான் இருக்கின்றன.

அஞ்சுவது அஞ்சிய அறிவே, ஆறாத அறைக்கும் ஆறுதல் தேடிய அன்பே, அயலார் வீட்டு வெம்மையைத் தம் தலையில் தாங்கிய தகைமையே! பிறர் புகழ்வதற்குப் பொருள் தேடுவர். நாங்கள் தங்கள் பதற்றத்தையே புகழ்கிறோம். அந்தப் பதற்றத்தின் கீழே எத்தனையோ வீடுகள் பயமின்றிப் படுத்துறங்கின. நாளை முதல் ஏணியருகே நின்று ‘ஒருவேளை’ என்று கேட்க யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்குள் கேட்டுப் பார்த்தோம்.

உடல் நலமும் உள நலமும் உற்றார் சூழலும் ஓங்கி, முழங்கால் நோகாமல், முகம் வாடாமல், நீடு வாழ்க. இனியேனும் தங்கள் வீட்டம்மாவுக்கு நல்ல உறக்கம் வாய்க்க.

ஒப்படைப்புக் கணக்கு: ஏணி இரண்டு, டார்ச் மூன்று, முகமூடிப் பெட்டி ஒன்று, அலுவலகச் சாவிக்கொத்து ஒன்று, யாவும் வந்து சேர்ந்தன, சரி. வெப்பமானி இரண்டில் ஒன்று வந்தது. மற்றொன்று தையற்கடை மாடியில் நோயாளியின் தலைமாட்டில் தொங்குகிறது. அது காட்டும் எண் இன்னும் வரவில்லை.

இங்ஙனம்,
காத்திருக்கும் பணியாளர்கள்