டிஷ் திருப்பிய ஞாயிறு

கும்மிடிப்பூண்டி போகும் காலை ரயிலில், கம்பெனிச் சீருடை போட்ட இருவர் பொன்னேரியில் ஏறினார்கள்.

"டிஷ்ஷு புண்ணியத்துல என் பொண்டாட்டி பேசிட்டாப்பா," என்றார் மீசைக்காரர்.

"இன்னாது?"

"காத்துல டிஷ்ஷு திரும்பிக்கிச்சு. மெக்கானிக் வேணாம், நானே பண்றேன்னேன். சண்டை. நாலு நாளா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு ஒரு வார்த்தை இல்ல. நேத்து மாடியேறித் திருப்பிக்கினே, 'படம் வந்துச்சா?'ன்னு கத்தறேன். கீழ சத்தமே இல்ல."

"அப்பால?"

"ஒரு மணி நேரம் கழிச்சு, 'யோவ், வந்துச்சு! கைய எடு!'ன்னு கத்தினா."

"அப்பாடா! எறங்கிட்டியா?"

"எங்க எறங்கறது? வேணும்னே கொஞ்சம் தள்ளிவிட்டேன். 'போச்சு, போச்சு, இந்தாண்ட திருப்பு'ன்னா. திருப்பினேன். திரும்பவும் தள்ளினேன். திட்டிக்கினே சிரிச்சிட்டா. அதுக்கப்புறம்தான் நட்டை டைட் பண்ணேன்."