மேனேஜர் சாப்பிடல

இல்லண்ணே, சாமான் அவ்வளவுதான். இந்த ஒரு பை. ரூம்ல கட்டில், மெத்தை நீங்களே போட்டிருக்கீங்கல்ல, அது போதும். வேற ஊரா? அட, இதே ஊர்தாண்ணே. சொந்த வீடு இருக்கு, பொண்டாட்டி இருக்கா, ஸ்கூல் படிக்கிற பொண்ணு ஒருத்தி இருக்கா. ஏன் அப்படிப் பாக்குறீங்க? போலீஸ் கேஸெல்லாம் ஒண்ணும் இல்ல. வீட்ல சண்டையும் இல்ல. குடிப் பழக்கமும் கிடையாது. அது இருந்திருந்தாக்கூட எனக்குப் பாக்குற டாக்டருக்கு வேலை சுலபமா முடிஞ்சிருக்கும்.

காரணம் சொன்னா சிரிப்பீங்க. எங்க வீட்டு நாய் சாப்பிட மாட்டேங்குது. ஆமாண்ணே, நாய்தான். எலும்பும் தோலுமா ஆயிடுச்சு. அது பொழைக்கணும், இப்ப எனக்கு இருக்கற ஒரே கவலை அதுதான். ஐயோ இல்லல்ல, நாயை இங்க கூட்டிட்டு வரமாட்டேன், சத்தியமா. இருங்க, முதல்லேருந்து சொல்லிடறேன். பாதியில விட்டா எனக்குக் கிறுக்குன்னு நினைச்சு சாவியே தரமாட்டீங்க.

நான் பார்சல் கம்பெனியில லாரி அனுப்புற ஆளு. எந்த லாரி எப்பக் கிளம்பணும், எது எங்க மாட்டிக்கிட்டு நிக்குது, அதான் வேலை. நாள் முழுக்க ஒரு காதுல டிரைவர், இன்னொரு காதுல கஸ்டமர். நடுவுல என் தொண்டை. இப்பவே உங்களுக்குக் காது வலிக்குதுல்ல? இது நான் மெதுவாப் பேசுறது.

போன வருஷம் ஆபீஸ்லயே தலை சுத்தி உக்காந்துட்டேன். டாக்டர் பிரஷர் பாத்தாரு. மிஷின்ல ஏதோ கோளாறுன்னு வேற மிஷின் கொண்டு வரச் சொன்னாரு. அதுவும் அதையேதான் சொல்லுச்சு. டென்ஷனைக் குறைங்க, இல்லாட்டி வீட்ல ஒரு ஆள் குறைஞ்சுடும்னாரு.

விடுவேனா நான்? எதுல இறங்கினாலும் முழுசா இறங்குற ஆளு. டென்ஷனைக் குறைக்க அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டினேன். காலையில எந்திரிச்சதும் மூச்சுப் பயிற்சி. ராத்திரி குடும்பத்தோட மனசு விட்டுப் பேசறது, அதுக்கு இருபது நிமிஷம், அதுக்குள்ள மனசை விட்டு முடிச்சுடணும். எனக்கு மட்டும் இல்லண்ணே, வீட்டுக்கே. பொண்ணு மூச்சை இழுத்துட்டு அப்படியே தூங்கி வழிவா. ஏய், விடு விடு, லேட்டாகுதுன்னு கத்துவேன். மாமியார் எங்க கூடத்தான் இருக்காங்க, ஆஸ்துமாக்காரங்க. அவங்களையும் விடல.

கம்பெனியிலயும் ஒரு வகுப்பு வச்சாங்க. எல்லாரையும் பாயில படுக்க வச்சு, கால் கட்டை விரல்லேருந்து ஒவ்வொரு இடமாத் தளர்த்துங்கன்னு ஒரு மேடம் சொன்னாங்க. மத்தவங்க முட்டிக்கே வந்து சேரல, நான் உச்சந்தலை வரைக்கும் முடிச்சுட்டு எந்திரிச்சு உக்காந்துட்டேன். முடிச்சாச்சு மேடம், அடுத்தது என்னன்னு கேட்டேன். அந்தம்மா என்னையே பாத்துட்டு நின்னாங்க. பாராட்டுறாங்கன்னு நினைச்சேன்.

எதுவும் சரியா வரல. அப்பத்தான் டாக்டர் சொன்னாரு, வீட்ல ஏதாவது ஒரு உசிரை வளருங்க, மனசு லேசாகும்னு. செடி வளக்கலாம்தான். ஆனா அது வளர்ற வேகத்துக்கு எனக்குப் பொறுமை இருக்கான்னு பாருங்க. அதான் நாய். நாய்க்கு மேனேஜர்னு பேரு வச்சது என் பொண்டாட்டி. நாள் முழுக்கத் தூங்குது, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கரெக்டா வந்து நிக்குது, மேனேஜர்தான் பொருத்தம்னா. சூப்பர்வைசர் ஏற்கெனவே வீட்ல இருக்காராம். நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன். யாரைச் சொன்னான்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் உறைச்சுது.

கொஞ்ச நாள்தாண்ணே நல்லா இருந்துச்சு. அப்புறம் முடி கொட்ட ஆரம்பிச்சுது. தட்டை வச்சா மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும். கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன். என்ன சொன்னாரு தெரியுமா? நாய்க்கு டென்ஷனாம்! என் டென்ஷனைக் குறைக்க வாங்கின நாய்க்கு டென்ஷன். அதுக்கும் மாத்திரை எழுதிக் குடுத்தாரு. காலையில நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து மாத்திரை முழுங்குவோம். அதோடது பாதி சைஸ்.

உங்க வீட்ல ஏதோ ஒண்ணு அதைப் பயமுறுத்துது, என்னன்னு கண்டுபிடிச்சு அதை வீட்டை விட்டு வெளிய எடுங்க, இல்லாட்டி தாங்காதுன்னாரு. நான் சும்மா இருப்பேனா? மிக்ஸியை மொட்டை மாடிக்கு மாத்தினேன். என் பொண்டாட்டி சட்னி அரைக்க மூணு மாடி ஏறி இறங்கினா. காலிங் பெல்லோட ஒயரைப் புடுங்கினேன். மாமியாரோட செல்போன் ரிங்கை நிறுத்தினேன். அப்பவும் நாய் சாப்பிடல.

என் பொண்ணு அது பக்கத்துலயே தரையில உக்காந்துக்குவா. ஒரு வாய் மேனேஜர், ஒரே ஒரு வாய்னு கெஞ்சுவா. கெஞ்சிக் கெஞ்சி அழுதுடுவா. அதைப் பாக்க எனக்குத் தாங்காதுண்ணே. நான் என்ன பண்ணுவேன்? இன்னும் எவ்ளோ நேரம், சீக்கிரம் சாப்பிடச் சொல்லுன்னு கத்துவேன். எனக்கு வேற பாஷை தெரியலையே.

திரும்பவும் அந்தக் கால்நடை டாக்டர்கிட்ட போனேன். மனுஷன் யோசிச்சாரு. நீங்க இல்லாத நேரம் அது எப்படி இருக்குன்னு மறைஞ்சு நின்னு பாருங்கன்னாரு. எங்க எதிர் பிளாட்ல ஒரு பல் டாக்டர் இருக்காரு. அவர் வீட்டு சமையலறை ஜன்னல்லேருந்து எங்க ஹால் நல்லாத் தெரியும். அவர்கிட்ட சொல்லிட்டு, போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸ்லேருந்து சீக்கிரமே கிளம்பி அங்க போயிட்டேன். வீட்ல சொல்லல. சிங்க் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்தேன், திருடன் மாதிரி.

ஹால்ல ஒரே கூத்து. என் பொண்ணு கரண்டியை மைக்கா வச்சுக்கிட்டு சோபா மேல நின்னு பாடுறா. நாய் ரெண்டு காலைத் தூக்கிக்கிட்டு அவகூட ஆடுது. எந்த நாய்? நடக்கவே தெம்பில்லாத நாய்! என் பொண்டாட்டி சேர்ல சாஞ்சு டீப்பாய் மேல காலை நீட்டிக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கிறா. மாமியார் டிவியைச் சத்தமா வச்சுட்டு அதைப் பாக்காம பேத்திக்குக் கை தட்டுறாங்க. ஒரு இருமல் இல்லண்ணே. எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அட, நம்ம வீடு இவ்ளோ நல்லா இருக்கே, இந்த நேரத்துக்கு நாம ஒரு நாள் கூட வந்ததில்லையேன்னு நினைச்சேன்.

அப்ப என் பொண்டாட்டி சுவர்க் கடிகாரத்தைப் பாத்தா. பாத்துட்டு காலைக் கீழ இறக்கினா. எந்திரிச்சு குஷனையெல்லாம் நிமித்தி வச்சா. பொண்ணு கரண்டியைக் கொண்டுபோய் உள்ள போட்டுட்டு வந்து, புத்தகத்தை மடியில விரிச்சுக்கிட்டா. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லல. மாமியார் டிவியை அணைச்சுட்டு ரூமுக்குள்ள போயிட்டாங்க. நாய் எல்லார் மூஞ்சியையும் ஒரு தடவை பாத்துச்சு. வாலை இடுக்கிக்கிட்டு சோபாவுக்கு அடியில போயிடுச்சு.

அது நான் வீட்டுக்கு வர்ற நேரம்ண்ணே. ஆனா நான் வரவே இல்லையே. எதிர் வீட்ல சிங்க் பக்கத்துல உக்காந்திருக்கேன். மணிதான் ஆச்சு.

பல் டாக்டர் ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவந்து குடுத்தாரு. நல்ல மனுஷன்.

நீங்க சொல்றது சரிதான், மாறிப் பாக்கலாம்தான். பாத்துட்டேனே. ரெண்டு நாள் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குள்ள போனேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையான்னு பொண்ணு அவங்கம்மாகிட்ட ரகசியமாக் கேட்டா. மூணாவது நாள் வாயே திறக்கல. அதுக்கு மாமியார், மாப்பிள்ளைக்கு வேலை போயிடுச்சான்னு விசாரிக்கிறாங்க. நாய் மட்டும் ஏமாறவே இல்ல. சோபாவுக்கு அடியிலேருந்து என் காலையே பாத்துட்டு இருந்துச்சு.

அவங்கன்னா எனக்கு உசிருண்ணே. அவங்களுக்காகத்தான் இப்படி ஓடுறேன்னு நெஞ்சைத் தட்டிச் சொல்லிட்டு இருந்தேன். என் செருப்புச் சத்தம் கேட்டா அவங்களும் ஓடுறாங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு.

அதான், நாய் டாக்டர் சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன். எது பயமுறுத்துதோ அதை வீட்டை விட்டு வெளிய எடுத்துட்டேன். இதோ, பையோட உங்க முன்னாடி நிக்குது. பதினஞ்சு நாள் எடுத்துப் பாருங்க, நாய் தேறுதா இல்லையான்னு தெரிஞ்சுடும்னாரு டாக்டர். எதை எடுக்கப் போறேன்னு அவர்கிட்ட நான் சொல்லல. வீட்ல வெளியூர் டியூட்டின்னு சொல்லிட்டு இன்னிக்குக் காலையில கிளம்பிட்டேன். பையை என் பொண்டாட்டிதான் அடுக்கினா, பிரஷர் மாத்திரையை மறக்காம மேலயே வச்சிருக்கா. வாசல்ல நின்னு, உடம்பைப் பாத்துக்கங்கன்னா. சொல்லிட்டு ஒரு மூச்சு விட்டா பாருங்க, நான் போட்ட அட்டவணையில ஒரு நாள் கூட அவ்ளோ நல்லா விட்டதில்ல.

இங்க என்ன பண்ணுவேனா? பழகணும்ண்ணே. வேலை முடிஞ்சு வந்து இந்தக் கதவைத் திறக்கணும், செருப்பைக் கழட்டணும், யாரையும் எதுவும் கேக்காம உக்காரணும். என் வயசுல வீட்டுக்குள்ள நுழையறதுக்குப் பயிற்சி எடுக்கற ஆளை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. சிரிங்க, பரவால்ல, நானே சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

ஒரு நிமிஷம், போன். பொண்ணுதான். போட்டோ அனுப்பிருக்கா. அண்ணே! இங்க பாருங்க! தட்டு காலி! முதல் நாளே முழுசா சாப்பிட்டிருக்குண்ணே! மூஞ்சியைப் பாருங்க, என்னமா நக்கிட்டு நிக்குது! பொழைச்சுக்கும், இனிமே பொழைச்சுக்கும். இல்லண்ணே, அழல, சந்தோஷம்தான். கீழ என்னமோ எழுதிருக்கா, இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன்.

அப்பா, நீங்க திரும்பி வர்ற அன்னிக்கு முன்னாடியே போன் பண்ணிட்டு வாங்க, சரியா? நாங்க ரெடியா இருக்கணும்ல.

அவ்ளோதான் எழுதிருக்கா. பக்கத்துல ஒரு சிரிச்ச மூஞ்சி போட்டிருக்கா.

அண்ணே, பதினஞ்சு நாள் வேணாம். இந்த ரூமை நான் ஒரு மாசத்துக்கே எடுத்துக்கறேன்.