முன் வீட்டு மிஷின், பின் வீட்டு மிஷின்

மூத்தவள்: நகருடி. துணியைக் கொடு. நானே துடைச்சு வெக்கிறேன்.

இளையவள்: அய்யோ, நீங்க உக்காருங்கக்கா. உங்க வீட்டு மிஷினையும் இங்க தூக்கிட்டு வந்துடறேன். ரெண்டையும் நானே...

மூத்தவள்: எதுக்கு? என் வீட்டுத் தூசியையும் நீதான் துடைக்கணுமா?

இளையவள்: அதில்லக்கா... சாயங்காலம் ஆராய்ச்சிக்காரம்மா வர்றாங்க. எது நிஜ மிஷின், எது சும்மா மிஷின்னு இன்னைக்குத்தான் சொல்லப்போறாங்க. ரெண்டும் பளிச்சுனு இருக்கட்டுமேன்னு.

மூத்தவள்: அவங்க என்னத்தச் சொல்றது? நிஜம் உனக்கு. சும்மா எனக்கு.

இளையவள்: இத்தனை நாளா அவங்களுக்கே தெரியாதுன்னாங்களே. குலுக்கல்ல போட்டதுதானே? பாதி வீட்டுக்குப் புகையை வடிகட்டுற ஃபில்டரோட, மீதி வீட்டுக்கு உள்ள ஒண்ணுமில்லாம. அப்பத்தான் ஃபில்டரால பிள்ளைங்களுக்கு இழுப்பு குறையுதான்னு தெரியுமாம். முடிஞ்சதும் எல்லாருக்கும் ஃபில்டர் தர்றேன்னுதான் சொல்லியிருக்காங்க.

மூத்தவள்: குலுக்கல்கூட உன் பக்கம்தான் விழும். வீடு பார்த்தப்ப என்ன ஆச்சு? "அண்ணன் மூத்தவர், அவருக்கு முன் வீடு"ன்னு உன் புருஷன் மரியாதை பண்ணாரு. பெரிய மரியாதை! ஜன்னலைத் திறந்தா லாரி. கிடங்கு வாசல்ல இன்ஜினை அணைக்காம வரிசையா நிக்கிறானுங்க. உனக்குப் பின்னாடி துணிக்கொடி, காத்து, வெயில்.

இளையவள்: அவர் நல்லது நினைச்சுத்தான்க்கா...

மூத்தவள்: நினைப்பாரு, நினைப்பாரு. ஆராய்ச்சிக்காரம்மா சொன்னாங்கல்ல, மேட்டுத்தெருப் பிள்ளைங்களைவிட நம்ம தெருப் பிள்ளைங்கதான் அதிகமா ஆஸ்பத்திரிக்குப் போகுதுன்னு? மேட்டுத்தெருவுல ஒரு லாரி நிக்கட்டும் பார்க்கலாம்! ஒரு ஃபோன்ல நகர்த்திடுவாங்க. நாம ஃபோன் போட்டா...

இளையவள்: ‘பார்க்கிறோம்’பாங்க.

மூத்தவள்: அந்த மேட்டுத்தெருக்காரி மேலகூட எனக்குப் பொறாமை இல்லடி. அவ எங்கயோ இருக்கா. நீ ஒரே சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்க. அதான் தாங்கல.

இளையவள்: ...அக்கா.

மூத்தவள்: என்ன அக்கா? ரெண்டுக்கும் ஒரே வியாதி, ஒரே டாக்டர், ஒரே ஸ்ப்ரே. உன் வாலு ஓட்டப்பந்தயத்துல ரெண்டாவதா வந்து, கப்பைத் தூக்கிக்கிட்டு என் வாசல் வழியா போறான். என் முட்டைக்கண்ணி ஜன்னல்ல நின்னு கைதட்டுறா. "அடுத்த தடவை நானும் ஓடட்டுமாம்மா"ன்னு கேக்கிறா. எனக்கு வயிறு எரிஞ்சது. வாய்விட்டே சொல்றேன். எரிஞ்சது.

இளையவள்: தெரியும்க்கா. நான் நீட்டின மிட்டாயை நீங்க கையிலகூட வாங்கல.

மூத்தவள்: இனிப்பு ஆகாது எனக்கு.

இளையவள்: எப்பலேர்ந்து?

மூத்தவள்: இப்பலேர்ந்து! விடு அந்தக் கைப்பிடியை. இதை என் வீட்டுல கொண்டுபோய் வெச்சுத் துடைக்கிறேன்.

இளையவள்: என் மிஷினை எதுக்கு உங்க வீட்டுக்கு?

மூத்தவள்: அங்க வெளிச்சம் நல்லா இருக்கும்.

இளையவள்: ஜன்னலே திறக்காத வீட்டுல வெளிச்சமா?

மூத்தவள்: வாய்க்கு வாய் பேசாத. விடுடி.

இளையவள்: நீங்க விடுங்க... சாயுது, சாயுது... அய்யோ, கால்!

மூத்தவள்: காலுக்கு ஒண்ணும் ஆகல. மிஷினை நிமித்து.

இளையவள்: இருங்க... அடியில ஸ்டிக்கர்...

மூத்தவள்: அதைப் பார்க்காதடி!

இளையவள்: நீங்க ஏன் பதறுறீங்க?

மூத்தவள்: நானா? நீ ஏன் கையால மறைக்கிற? எடு. என்ன போட்டிருக்கு?

இளையவள்: ‘பின் வீடு’.

மூத்தவள்: பின் வீடா? நல்லாப் பாரு.

இளையவள்: ஆராய்ச்சிக்காரம்மா ஒட்டினதேதான். பின் வீடு.

மூத்தவள்: உன் வீடு... உன் மிஷின். சரியாத்தானே இருக்கு?

இளையவள்: சரியாத்தான் இருக்கு...

மூத்தவள்: அப்புறம் ஏன் உன் முகம் வெளுத்துப்போச்சு?

இளையவள்: உங்க முகம் மட்டும் என்னவாம்?

மூத்தவள்: ...இங்க முன் வீட்டு மிஷின்தான் இருக்கணும். நான்தான் மாத்தி வெச்சேன்.

இளையவள்: என்னக்கா சொல்றீங்க?

மூத்தவள்: கப்பு வாங்கின அன்னைக்கு. நீங்க எல்லாரும் ஐஸ்கிரீம் சாப்பிடப் போனீங்க. உன் வீட்டுச் சாவிதான் என்கிட்ட இருக்கே. இங்க இருந்ததைத் தூக்கிட்டுப் போய் என் பொண்ணு தலைமாட்டுல வெச்சேன். என்னோடதைக் கொண்டாந்து இங்க வெச்சேன். அவசரத்துல அடியைப் பார்க்கல. அவங்க வர்றதுக்குள்ள திருப்பி வெச்சிடலாம்னுதான் இப்ப வந்தேன். திட்டு. வேணும்னா ஒரு அறைகூட விடு.

இளையவள்: அய்யோ... அக்கா...

மூத்தவள்: மாத்தி என்னத்தக் கண்டேன்? அதுக்கு முன்னாடி ஒரு மாசமா நல்லாத் தூங்கிட்டு இருந்தா. புது மருந்து ஒத்துக்கிச்சுன்னு நினைச்சேன். உன் மிஷினைக் கொண்டுபோய் வெச்ச வாரமே இழுப்பு வந்து மறுபடி ஆஸ்பத்திரி. என் வயித்தெரிச்சல்தான் போய் அவ நெஞ்சுல உக்காந்துடுச்சோன்னு... சோறு இறங்கலடி எனக்கு.

இளையவள்: அப்படியெல்லாம் சொல்லாதீங்க.

மூத்தவள்: உன் பையனைப் பாரு. எது வெச்சாலும் ஒண்ணும் ஆகல.

இளையவள்: ஆகலன்னு யார் சொன்னது? பந்தயத்துக்கு முந்தின வாரம் பூரா அவன் உக்காந்தேதான் தூங்கினான். அன்னைக்குப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில ஒளிஞ்சுக்கிட்டு ஸ்ப்ரே அடிச்சுட்டுத்தான் ஓடினான். உங்ககிட்ட நான் சொல்லல.

மூத்தவள்: பொய். அப்ப நான் இன்னும் மாத்தவே இல்லையே. நிஜ மிஷின் உன்கிட்டதானே இருந்தது?

இளையவள்: இல்லக்கா...

மூத்தவள்: என்ன இல்ல?

இளையவள்: உங்க வீட்டுல இருந்தது. முட்டைக்கண்ணியை முதல் தடவை ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப, என்கிட்ட இருக்கிற உங்க சாவியால வீட்டைத் திறந்து மிஷினோட பின்பக்கத்தைக் கழட்டிப் பார்த்தேன். உள்ள வெறும் கூடு. என்னோடதுல ஃபில்டர் இருந்தது, புகை படிஞ்சு. அன்னைக்கே மாத்தி வெச்சுட்டேன்.

மூத்தவள்: நீ... அப்ப, அந்த ஒரு மாசம்...

இளையவள்: ம்.

மூத்தவள்: அப்ப நான் தூக்கிட்டு வந்து உனக்குத் திருப்பிக் கொடுத்ததுதான் நிஜ மிஷினா... அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

இளையவள்: சொன்னா வாங்கியிருப்பீங்களாக்கா? ஒரு மிட்டாயையே என் கையால வாங்காதவங்க நீங்க.