பதிமூணு ராத்திரி

– தப்புப்பா. பதினாலு நாளுன்னா பதிமூணு ராத்திரிதான். கடைசி நாள் அம்மா எடுத்துத் தர்ற டிக்கெட்டுல என்னை பிளேன்ல ஏத்தி விட்டுடுவல்ல?

– சரிங்க மகாராணி, பதிமூணு. மோட்டலுக்கு ராத்திரிக்கு எழுபது டாலர் போடு.

– தொள்ளாயிரத்துப் பத்து. எழுதிட்டேன். பெட்ரோல்?

– ரீனோலேர்ந்து நான் கிளம்பி ஓஹையோ வந்து உன்னை ஏத்திக்கணும். அப்புறம் நம்ம ரெண்டு பேரும் மேற்கால போறோம், ஒரேகான்ல கடலைத் தொடற வரைக்கும். அங்கேர்ந்து நான் தனியா ரீனோ திரும்பணும். எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து அறுநூறு மைல்.

– உன் ப்யூக் காரு கேலனுக்கு எத்தனை மைல் குடுக்கும்?

– நல்ல மூடுல இருந்தா இருபத்திரண்டு.

– மூடெல்லாம் எழுத முடியாதுப்பா. இருபத்திரண்டு. கேலன் மூணரை டாலர். தொள்ளாயிரம்னு ரவுண்டா வெச்சுக்கறேன். நீ இங்க வர்றதுக்கே மூணு நாள் ஆகுமே, அந்த ராத்திரிக்கெல்லாம் மோட்டல் வேணாமா?

– எனக்கு எதுக்கு? ஓரமா நிறுத்தி ஒரு தூக்கம் போட்டா ஆச்சு. மேல சொல்லு.

– சாப்பாடு ஐநூறு. குதிரை சவாரி நூத்தி முப்பது. பார்க் டிக்கெட் சைபர்.

– அதெப்படி சைபர்? எல்லோஸ்டோன்ல சும்மாவா விடுவான்?

– நான் நாலாங்கிளாஸ்ப்பா. நாலாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு எல்லா தேசியப் பூங்காவும் இலவசம். கூட கார்ல இருக்கறவங்களுக்கும் சேர்த்து. டீச்சர் பாஸ் குடுத்துட்டாங்க. ஆகஸ்டோட செல்லாது. அதனாலதான் இந்த வருஷமே போகணுங்கறேன்.

– அதனால மட்டும்தானா?

– வேற எதனால?

– ஒண்ணுமில்ல. அப்பாவைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுவியான்னு பார்த்தேன்.

– அது கணக்குல வராதுப்பா. மொத்தம் ரெண்டாயிரத்து நானூத்தி நாப்பது. ஜூலைக்குள்ள உங்கிட்ட எவ்வளவு இருக்கும்?

– ரெண்டாயிரம். சுளையா.

– நானூத்தி நாப்பது துண்டு விழுது.

– விழட்டும். அதுக்குத்தான் உங்கப்பன் இருக்கான். சாப்பாட்டுல கை வை. கடைக்குக் கடை பர்கர் தின்னாத்தான் பயணமா? ரொட்டி, கடலை வெண்ணெய், ஒரு ஐஸ் பெட்டி. காலையில மோட்டல்லயே ஓசி வாஃபிள். மதியத்துக்கு ரெண்டு வாழைப்பழத்தை யாரும் பார்க்காம பையில போட்டுக்குவோம்.

– நாளைக்கு இருபது டாலர்னா, பதினாலு நாளைக்கு இருநூத்தி எண்பது. இருநூத்தி இருபது மிச்சம். இன்னும் இருநூத்தி இருபது வேணும்.

– ம்.

– லிஸ்ட்லேர்ந்து குதிரையை அடிச்சிட்டேன்.

– ஏய்! அதை எதுக்கு அடிச்ச? ஆறு வயசுலேர்ந்து குதிரை குதிரைன்னு உயிரை வாங்கினவ நீ.

– அப்ப சின்னப் பொண்ணு. இன்னும் தொண்ணூறுதான் குறையுது.

– அழிச்சதைத் திரும்ப எழுது முதல்ல. நான் சொல்றதைக் கேளு. மோட்டல்ல ஒரு நாலு ராத்திரியை வெட்டு. வயோமிங்ல வானம் எப்படி இருக்கும் தெரியுமா? சீட்டைச் சாய்ச்சுப் போட்டுக் கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டே தூங்கலாம். இருநூத்தி எண்பது மிச்சம். குதிரையும் உண்டு, ஐஸ்க்ரீமும் உண்டு.

– வேணாம்.

– சரி, மூணு ராத்திரி.

– ஒண்ணுகூட வேணாம். மோட்டல்தான். ரெண்டு கட்டில் இருக்கற ரூம்.

– ஓஹோ. மகாராணிக்கு மெத்தை இல்லாம கண்ணு மூடாதோ?

– கொசு கடிக்கும்.

– கண்ணாடியை ஏத்திவிட்டா கொசு எங்கேர்ந்து வரும்?

– எனக்குக் கட்டில் வேணும்ப்பா. அவ்வளவுதான்.

– நீ அஞ்சு வயசுல மழையில ஒழுகற கூடாரத்துல எம்மேல காலைப் போட்டுக் குறட்டை விட்டவ. இப்ப உங்கம்மா புது வீட்டுல தனி ரூம், தனி பாத்ரூம், உங்கம்மா கட்டிக்கிட்ட டக் மாமா வாங்கிக் குடுத்த கட்டில். அப்பன் காரு உனக்கு நாறுதாக்கும்.

– நான் அப்படிச் சொன்னேனா?

– சொல்லணுமா என்ன? ஹாட்டி. ஏய். இருக்கியா?

– இருக்கேன்.

– தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சுக்கடா கண்ணு. உன்னைக் கூட்டிட்டுப் போகணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. தொண்ணூறு டாலருக்காக நின்னு போயிடுமோன்னு பயம். அதான் வாய் நீளுது.

– நிக்காது. உன் மாசச் செலவைச் சொல்லு, அதுல எங்கயாவது தொண்ணூறு பிடிக்கலாம். நீ வேலை பார்க்கற கிடங்குல மாசம் எவ்வளவு தர்றாங்க?

– பிடிச்சது போக ஆயிரத்து நானூறு.

– எனக்கு அனுப்பறது ஐநூறு. அப்புறம்?

– பெட்ரோல் இருநூத்தம்பது. சாப்பாடு முந்நூறு. போன் நாப்பது. கார் இன்சூரன்ஸ் எண்பத்தஞ்சு. ஜிம் இருபத்தஞ்சு.

– ஜிம்மா? மாடி ஏறினாலே உனக்கு மூச்சு வாங்குமே!

– அங்க ஷவர் நல்லா இருக்கும். சுடுதண்ணி.

– வாடகை?

– வாடகை . . . ஒரு அறுநூறு போட்டுக்க.

– போட முடியாதுப்பா.

– ஏன்?

– மத்ததெல்லாம் கூட்டினாலே ஆயிரத்து இருநூறு வந்துடுச்சு. மிச்சம் இருநூறு. அதைத்தான் மாசாமாசம் சேர்க்கற. பத்து மாசம், ரெண்டாயிரம். சரியா வருது. இதுல வாடகைக்கு இடமே இல்ல.

– முதலாளி ரூம் குடுத்திருக்காரு. அதைச் சொல்ல மறந்துட்டேன்.

– அப்பா.

– என்ன?

– கிறிஸ்துமஸ் அன்னைக்கு வீடியோவுல வந்தியே, உன் தோளுக்குப் பின்னாடி சீட் பெல்ட் தொங்குச்சு. கம்பளித் தொப்பி போட்டிருந்த. காபி வைக்கற குழியில பல் பிரஷ் இருந்துச்சு. அம்மாகிட்ட சொல்லல. சத்தியமா.

– அக்டோபர்லேர்ந்து காருலதான். ரூம் இருந்த கட்டடத்தை வித்துட்டாங்க. புதுசா எடுக்கணும்னா முன்பணமே ரெண்டாயிரத்துக்கு மேல கேக்கறான்.

– அப்ப சேர்க்கறதை அதுக்குக் குடுத்திருக்கலாம்ல?

– குடுத்தா உன்னை எப்படிப் பார்க்கறது? கோர்ட்டுல உன்னை எங்கூட வெச்சுக்க எழுதினது வருஷத்துக்குப் பதினாலு நாள். போன வருஷமே விட்டுட்டேன். உன்னை இங்க வரவழைச்சா எங்க படுக்க வெப்பன்னு உங்கம்மா கேப்பா. ஊரெல்லாம் சுத்திப் போனா யாரும் கேக்க மாட்டாங்க. ரூம் எப்ப வேணா எடுக்கலாம். உனக்குப் பத்து வயசு ஒரு தடவைதான்டா.

– எனக்கும் உன்னைப் பார்க்கணும்ப்பா. தினமும் பார்க்கணும்போல இருக்கு.

– அழாத. நீ அழுதா நான் காரை நிறுத்தியிருக்கற இந்தக் கடை வாசல்லயே உக்காந்து அழுதுடுவேன், ஜனங்க வண்டி தள்ளிக்கிட்டுப் போறாங்க. இப்பத்தான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே, இனிமே என்ன ஒளிவுமறைவு? எனக்கு இந்தக் காரு பழகிப்போச்சு. பின்சீட்டு மொத்தமும் உனக்கு. நான் முன்னாடி முடங்கிக்குவேன். மோட்டலை மொத்தமா அடிச்சிடு. குதிரை என்ன, ரெண்டு குதிரையே வாங்கிடலாம்.

– மாட்டேன்.

– இவ்வளவு சொன்னப்புறமுமா? உண்மையைச் சொல்லு ஹாட்டி, நான் கோவிச்சுக்க மாட்டேன். இந்தக் காருல படுக்க உனக்கு அருவருப்பா இருக்கா?

– நான் எங்க வேணா படுப்பேன்ப்பா. கட்டில் கேட்டது எனக்கில்ல. பதிமூணு ராத்திரியாவது நீ காலை நீட்டித் தூங்கணும்.