பால் கொடுக்கச் சொல்லித் தந்தவன்

சாந்தோமில் ஏறிய இரண்டு பெண்கள் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததுமே மூத்தவள் சொன்னாள்:

"எம்மவன் பால் குடுக்கச் சொல்லித் தர்றான்டீ, வனஜா."

வனஜா சிரித்துவிட்டாள். "இன்னாக்கா சொல்ற? ஆம்பளப் புள்ளையா?"

"நர்சிங் படிக்கிறான்ல, அதுல அந்தப் பாடமும் கீது. அவன் சேந்தப்ப தெருவே சிரிச்சுது. நீயும்தான் சிரிச்ச. இப்ப எம்பொண்ணு ஷீலா புள்ள பெத்து வந்தாளா, கொழந்த வாய் வெச்சாலே வலில அழுவா. நான் பால் பவுடர் வாங்கக் கெளம்பிட்டேன். அவன்தான் வேணாம்னான்."

"தங்கச்சிகிட்ட அதெல்லாம் எப்டிக்கா பேசுவான்?"

"கூச்சம்தான். கதவுக்கு அந்தாண்ட திரும்பி ஒக்காந்துக்கினு சொன்னான். கொழந்த வயிறு ஒன் வயித்தோட ஒட்டிக்கினு இருக்கணும், நல்லா வாயத் தொறக்கட்டும், காம்ப மட்டும் குடுக்காத, சுத்தி கறுப்பா கீதே, அதுவும் வாய்க்குள்ள போவணும்னான். நான் அதே மாரி புடிச்சிக் குடுத்தேன். கொஞ்ச நேரத்துல ஷீலா கத்துறா, 'அண்ணா, வலிக்கல, குடிக்கிறான்!'"

அவள் குரல் பேருந்து முழுக்கக் கேட்டது. அவள் அதைக் குறைக்கவில்லை.

"மூணு பெத்தேன். எனக்கு யாரும் இதச் சொல்லலடீ."

வனஜா இப்போது சிரிக்கவில்லை. "எம்மருமவளுக்கு அடுத்த மாசம்க்கா. தம்பிய ஒரு தபா அனுப்பி வையேன்."

"அனுப்புறேன். ஆனா தம்பி கிம்பியெல்லாம் கெடையாது. சாருன்னு கூப்டணும்."