கம்பெனி குடுத்த வெளிச்சம்

ரிப்பேரெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. லைட்டு பாக்கறதுக்குன்னு ஆபீஸ்லேர்ந்து உன்ன அனுப்பிட்டாங்க, ஆனா அது நல்லாத்தான் எரியுது. அதான் சொல்றேன், இன்னிக்கி ஒரு ராத்திரி மட்டும் அணைச்சி வுட்டுட்டுப் போ.

யாரு சொன்னாங்களா? யாரும் சொல்லல, நான்தான் கேக்கறேன். வேலம்மா. இதே கம்பெனியிலதான் எறா உரிக்கிறேன். நம்பலன்னா கைய மோந்து பாரு.

முதலாளி இந்த லைட்ட எங்க குப்பத்துக்குத் தர்மத்துக்குத்தான் குடுத்தாரு, நான் இல்லன்னல. கம்பம் நட்டப்ப மெட்ராஸ்லேர்ந்து கார்ல வந்து, நம்ம ஜனங்க இருட்டுல கெடக்கக் கூடாதுன்னு மைக்ல பேசினாரு. கண்ணு கலங்கிடுச்சி மனுசனுக்கு. மேனேஜரு இன்னாடான்னா லைட்டக் கூட பாக்கறதில்ல, அதுக்குக் கீழ இருக்கற போர்டத் தொடைக்கச் சொல்றாரு. கம்பெனி பேரு பளிச்சினு தெரியணுமாம். சூப்பர்வைசரு எல்லப்பனுக்குத்தான் கொண்டாட்டம். வெளிச்சம் இருக்குதே, இன்னொரு கூடை உரிச்சிட்டுப் போனா இன்னாடின்றான்.

அட, எங்க பொம்பளைங்களுக்கும் புடிச்சிதான் இருக்குது. பாம்பு கீம்பு இருந்தா தெரியுது, புள்ளைங்க வெளையாடுதுங்க. அணைக்கணும்னு நான் வாயத் தொறந்தா, தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாக்காதடின்னு ராஜம்மா அடக்கிடறா. இப்பல்லாம் நான் உள்ள வந்தாலே பேச்சு நின்னுடுது. ஓரமா தனியா குந்திக்கினு உரிக்கிறேன். கஷ்டமாத்தான் இருக்குது, இன்னா பண்றது.

பைத்தியம்னு நெனைக்காத தம்பி. எங்க ஆம்பளைங்க கடல்லேர்ந்து கரைய எப்பிடிப் புடிப்பாங்க தெரியுமா? தெக்கால லைட்டவுஸு. வடக்கால பெரிய குப்பத்து வெளக்கு. ரெண்டுக்கும் நடுவுல இருட்டா கெடந்துச்சே, அதான் எங்க குப்பம். அந்த இருட்டப் பாத்துதான் படகத் திருப்புவாங்க.

ஆமா, இப்ப இந்த லைட்டப் பாத்துதான் வராங்க. அவங்களுக்குத் தெரியும். கம்பம் நட்டப்ப கூட நின்னு கை தட்டினவங்கதானே.

எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாதே. கம்பம் நட்டது போன ஐப்பசியில. அதுக்கு மொத நாளு கடலுக்குப் போச்சி, இன்னும் வரல. வந்தாலும், இது வேற ஊருன்னு அப்பிடியே தாண்டிப் போயிடும்.